பின்லாந்துத் துண்டு

கலைச்செல்வி போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஹால் ரொம்பணும்பா. நீ வந்தா ரொம்பும்." என் வாழ்நாளில் நான் போய் எந்த ஹாலும் நிரம்பியதில்லை. பின்லாந்தில் நான் பாடம் எடுக்கும் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஒருவரை ஒருவர் தொட்டுவிடாமல் நாலு நாற்காலி தள்ளித் தள்ளி உட்காருவார்கள். அதனால் தூரத்திலிருந்து பார்த்தால் அறை நிரம்பியது மாதிரி ஒரு தோற்றம் வரும், அவ்வளவுதான். இதை அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

விஷயம் இதுதான். கலைச்செல்வி திருவண்ணாமலையில் ஒரு தனியார் கல்லூரியின் கணிதத் துறைத் தலைவர். சென்னையில் நானும் அவளும் எம்.எஸ்ஸி. ஒரே வகுப்பு. இந்த வருடம் அவள் துறையில் முதலாண்டு சேர்ந்தவர்களை ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். தாளாளர் துறையை மூட மாட்டாராம், மூடினால் கல்லூரிக்குப் பெயர் கெட்டுவிடும். பிரித்துவிடுவாராம். கலைச்செல்வி கம்ப்யூட்டர் பிரிவுக்கு, இன்னொருவர் காமர்ஸுக்கு, மூன்றாமவர் அட்மிஷன் ஆபீஸுக்கு. கடைசி வாய்ப்பாக ஒரு கருத்தரங்கம் நடத்துங்கள், இந்த ஊரில் கணக்குக்கு ஆள் இருக்கிறதா பார்ப்போம், ஹால் நிரம்பினால் துறை இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார்.

கருத்தரங்கின் தலைப்பு, 'கணிதத்திலும் அறிவியலிலும் துண்டாதல்'. ஒரு பொருள் எப்படி உடைகிறது, உடைந்தது மறுபடி எப்படி உடைகிறது, கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்பதற்கான சமன்பாடுகள்தான் என் பிழைப்பு. துண்டாகப் போகிற துறை துண்டாதலைப் பற்றிக் கருத்தரங்கம் நடத்துகிறதே, தெரிந்துதான் இந்தத் தலைப்பை வைத்தாயா என்று கேட்டேன். உனக்கு வேறு என்ன தெரியும், உனக்குத் தெரிந்ததை வைத்துத்தானே தலைப்பு வைக்க முடியும் என்றாள்.

சொந்த ஊர் நாகர்கோவில் என்றாலும் திருவண்ணாமலைக்கு நான் போனதே இல்லை. பின்லாந்தில் யாராவது 'இந்தியாவில் எந்தப் பக்கம்?' என்று கேட்டால் 'கீழே, கடைசியில்' என்பேன். திருவண்ணாமலை எனக்கு மேலே இருக்கிற ஊர். ஆகவே இதை ஒரு வெளிநாட்டுப் பயணம் என்றே சொல்லலாம்.

முதல் நாள் பஸ்ஸிலேயே பாடம் ஆரம்பித்துவிட்டது. பஸ் வந்து நின்றதும் நான் பின்லாந்து வழக்கப்படி, இறங்குகிறவர்கள் இறங்கட்டும் என்று ஒதுங்கி நின்றேன். சுற்றியிருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் துண்டு, பை, ஒரு தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் உள்ளே எறிந்தார்கள். நான் ஏறியபோது சீட் எல்லாம் காலி, ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு பச்சைத் துண்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன். அதன் சொந்தக்காரர் டீ குடித்து முடித்து நிதானமாக ஏறி வந்து என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. கண்டக்டரைக் கூப்பிட்டார். "துண்டு போட்டாச்சுன்னா போட்டாச்சு சார், எழுந்துக்கங்க" என்று கண்டக்டர் தீர்ப்புச் சொன்னார். பாதி வழி நின்றுகொண்டே வந்தேன். மீதி வழி யாருமே உட்காரவில்லை, ஏனென்றால் பஸ் பஞ்சர்.

பஸ்ஸைச் சுற்றி நின்ற கூட்டத்தில் எல்லோரும் எல்லோரோடும் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்லாந்தில் பஸ் நின்றுவிட்டால் எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு தனித்தனியாக வருந்துவார்கள். இங்கே என்னை எழுப்பிவிட்ட பச்சைத் துண்டுக்காரரே வேர்க்கடலை வாங்கிக் கொடுத்து, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். மகள் ஒருத்தி, அவள் வேறு நாட்டில் இருக்கிறாள் என்றேன். நீங்களே வேறு நாட்டில் இருக்கும்போது அவள் வேறு வேறு நாட்டில் இருக்கிறாளா என்று கவலைப்பட்டார். உண்மையாகவே கவலைப்பட்டார், அதுதான் எனக்குச் சங்கடமாகப் போயிற்று.

செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம் ஒரு அறை எடுத்திருந்தாள் கலைச்செல்வி. அந்தத் தெருவில் வெள்ளைக்காரர்கள் வேட்டியும் நான் கால்சட்டையும் அணிந்திருந்தோம். மறுநாள் காலை பக்கத்துக் காபிக் கடையில் போய் உட்கார்ந்தேன். மனதில் பொங்கல், வடை, மேலே நெய். கடைக்காரப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஓட்ஸ் கஞ்சியும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார். ரூம்காரர் 'பின்லாந்து சார்' என்று சொல்லி வைத்திருக்கிறார். ஓட்ஸுக்குப் பயந்து ஊருக்கு வந்தவன் நான். பக்கத்து மேஜையில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் இட்லியைச் சட்னியில் புரட்டிப் புரட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் பேசியது பின்னிஷ் மொழி என்று எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. ஒருத்தி சொன்னாள், "பாவம், அந்த ஆள் இந்தியாவுக்குப் புதுசு போலிருக்கிறது. முகத்தைப் பார், தொலைந்துபோன மாதிரி." மற்றவள் சொன்னாள், "நாமும் முதலில் அப்படித்தானே இருந்தோம்? பழகிவிடுவார்." நான் ஓட்ஸைக் குனிந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன். பின்னிஷில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லையே.

கல்லூரிக்குக் கூட்டிப் போன ஆட்டோக்காரர் பெயர் முருகேசன். நான் வாயைத் திறந்ததும் "மலையாளமா சார்?" என்றார். நாகர்கோவில் என்றேன். "அதான், மலையாளம்" என்று முடித்துவிட்டார். அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த நாளெல்லாம் என்னிடம் நிறுத்தி நிறுத்தி, எளிய தமிழில் பேசினார்.

கல்லூரி அடி அண்ணாமலையைத் தாண்டி, கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. கலைச்செல்விக்கும் அடி அண்ணாமலைதான் ஊர். வேர்க்கடலையும் நெல்லும் போட்ட குடும்பம். இவள் எம்.எஸ்ஸி. படிக்கப் போனபோது ஊரே சிரித்ததாம், கணக்குப் படித்துவிட்டு மூட்டை எண்ணப் போகிறாளா என்று. அவள் துறையைக் காட்டினாள். மாடியில் நான்கு அறைகள், கரும்பலகை, பெஞ்சு, ஃபேன். வேறு ஒன்றும் இல்லை. கணக்குக்கு வேறென்ன வேண்டும்? கீழே பெரிய ஹால். அதைத்தான் நாங்கள் நிரப்ப வேண்டும்.

தாளாளர் தங்கமான மனிதர் போலத்தான் இருந்தார். காபி வரவழைத்துக் கொடுத்தார். ஊரில் இரண்டு லாட்ஜ், ஒரு கல்யாண மண்டபம், இந்தக் கல்லூரி எல்லாம் அவருடையது. எல்லாவற்றையும் ஒரே அக்கறையோடுதான் நடத்துகிறார் என்பது பேச்சில் தெரிந்தது. "நமக்கு மேத்ஸ் மேல மரியாதை ஜாஸ்தி சார். சேர்றவங்கதான் கம்மி" என்றார். எங்கள் பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான் என்றேன். அங்கே பிரிக்க மாட்டார்கள், சேர்த்துவிடுவார்கள். கணிதம், புள்ளியியல், இயற்பியல் மூன்றையும் ஒன்றாக்கி ஒரு நீளமான பெயர் வைத்தார்கள், பெயர்ப் பலகையில் 'கணிதம்' என்ற சொல்லே காணாமல் போய்விட்டது. தாளாளர் இதை ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது.

மதியம் மற்றப் பேச்சாளர்களோடு சாப்பாடு. எல்லோரும் உள்ளூர்க் கல்லூரி ஆசிரியர்கள். கலவரம் அங்கேதான் ஆரம்பித்தது. தாவரவியல் அம்மா இலையில் ரசம் ஊற்றும்போதே சொல்லிவிட்டார், துண்டாதல் என்ற சொல் தாவரவியலின் சொத்து. குளத்துப் பாசி அறுந்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு முழுப் பாசியாக வளரும், அது அழிவு இல்லை, இனப்பெருக்கம், பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. மற்றவர்கள் வேறு சொல் பார்த்துக்கொள்ளட்டும். வேதியியல்காரர் விடவில்லை. மூலக்கூறை அடித்து நொறுக்கித் துண்டுகளை எடை போட்டால்தான், முழுசாக இருந்தபோது அது என்னவாக இருந்தது என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே அது ஆராய்ச்சி முறை, இனப்பெருக்கம் இல்லை, அதற்குச் 'சிதறல்' என்று பெயர் வைப்போம் என்றார். கம்ப்யூட்டர்காரர் 'துண்டாக்கம்' என்றார். ஒரே கோப்பு வட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தால் வேலை மெதுவாகும், அது நோய், அதற்கு மருந்து உண்டு. விலங்கியல்காரர் எதிரே தெரிந்த மலையைக் காட்டினார். காட்டின் நடுவே ரோடு போட்டால் காட்டின் பரப்பில் பெரிதாக ஒன்றும் குறைவதில்லை, ஆனால் மான் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகாது. அது நோயும் இல்லை, முறையும் இல்லை, அது கொலை என்றார்.

ஒரே நிகழ்ச்சி. ஒருவருக்குப் பிறப்பு, ஒருவருக்கு அறிவு, ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குச் சாவு. எனக்கு அது வெறும் சமன்பாடு. அதை நான் சொன்னதும் நான்கு பேரும் ஒற்றுமையாக என்னைப் பரிதாபத்தோடு பார்த்தார்கள். பாயசம் வந்த பிறகுதான் குரல்கள் தணிந்தன. கலைச்செல்வி சண்டையை ஒரே வாக்கியத்தில் முடித்தாள். பேனருக்கு நேற்றே எழுதிக் கொடுத்தாகிவிட்டது, துண்டாதல்தான்.

மூன்றாம் நாள் பௌர்ணமி. கருத்தரங்கத்துக்கு அவள் தேர்ந்தெடுத்தது நான்காம் நாள் காலை. கிரிவலக் கூட்டத்தில் ஊரே திணறும்போதா என்று கேட்டேன். அன்றைக்குத்தான் தாளாளருக்கு ஒழிவாம், லாட்ஜில் ஆட்கள் காலி செய்துவிட்டுப் போயிருப்பார்கள்.

பௌர்ணமியன்று காலையிலேயே நடந்து பார்க்கலாம் என்று கிளம்பினேன். பாதையோரம் ஒரு பிள்ளையார் கோவில் முன்னால் ஒருவர் தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கிச் சிதறு காய் விட்டார். பத்துக் கை பாய்ந்தது. என் தொழில் கண் முன்னால் நடக்கிறது. குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். பெரிய துண்டு ரெண்டு மூணு, நடுத்தரம் கொஞ்சம், பொடிசு எண்ண முடியாத அளவு. எங்கள் சமன்பாடு சொல்கிற மாதிரியே இருந்தது. ஆனால் ஒன்றைச் சமன்பாடு சொல்லவில்லை, நடுத்தரத் துண்டுகள் கண் சிமிட்டும் நேரத்தில் மறைந்துவிடுகின்றன. நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்ததில், தேங்காய் பொறுக்கிய ஒரு அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மடியிலிருந்து நல்ல துண்டாக ஒன்று எடுத்து என் கையில் வைத்து, "பசிக்குதா? சாப்டுப்பா" என்றார். சாப்பிட்டேன். நல்ல காய்.

அங்கேயே முருகேசன் பிடித்துக்கொண்டார். கூட்டம் சேர்ந்துவிட்டால் ஆட்டோவை உள்ளே விட மாட்டார்கள், இப்போதே ஏறுங்கள் என்றார். வண்டி கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், ஒரு உதவி. எனக்கு ஒண்ணு, எங்க மாமியாருக்கு ஒண்ணு, ரெண்டு துண்டு தனியா எடுத்து வெச்சுடுங்க. நாளைக்கு லைன்ல நிக்க முடியாது, சவாரி இருக்குது."

தேங்காய்த் துண்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, கையில் இருந்த மீதியை நீட்டினேன். இது இல்லை சார், அந்தத் துண்டு என்று திருப்பத்தில் வண்டியை நிறுத்திக் காட்டினார். பெரிய பேனர். இடது பக்கம் மலை, வலது பக்கம் நான், நடுவில் மடித்து அடுக்கிய நாலு வெள்ளைத் துண்டுகள். கீழே கொட்டை எழுத்தில்:

கணிதத் துறை சார்பில்
துண்டு அளித்தல்
பின்லாந்து பேராசிரியர் வருகை
மதிய உணவு உண்டு
அனைவரும் வருக

இந்த ஊரில் இது நம்ப முடியாத செய்தி ஒன்றும் இல்லை. பௌர்ணமிக்கு யாராவது சோறு போடுவார்கள், மோர் கொடுப்பார்கள், துணி கொடுப்பார்கள். வெளிநாட்டுக்காரர் கொடுத்தால் ஆச்சரியம் இன்னும் குறைவு. முருகேசன் மரியாதையாகக் கேட்டார், பின்லாந்துத் துண்டு கெட்டியாக இருக்குமா, அங்கே குளிர் ஜாஸ்தியாமே.

கலைச்செல்விக்குப் போன் செய்தேன். அவள் ஸ்கூட்டரில் வந்து பேனரின் கீழே நின்று அண்ணாந்து படித்தாள். முதலில் சிரித்தாள், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு பேனர் கடைக்காரரைப் போனில் கூப்பிட்டாள். அவர் குரலில் குற்ற உணர்ச்சி கொஞ்சமும் இல்லை. "துண்டாதல்னு எழுதியிருந்துச்சுங்க மேடம். அப்டி ஒரு வார்த்தை ஏது? அவசரத்துல தப்பா எழுதிட்டீங்கன்னு நான்தான் சரி பண்ணேன். மேல ஒரு லைன் எடம் பத்தல, அத எடுத்துட்டேன். திருத்துனதுக்குக் காசு போடல." எடுத்துவிட்ட அந்த வரிதான் 'கணிதத்திலும் அறிவியலிலும்'. இதே மாதிரி இன்னும் மூன்று இடத்தில் கட்டியிருக்கிறார்களாம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கழற்று, இப்போதே கழற்று, ஏமாற்று வேலை ஆகிவிடும் என்று கத்தினேன். பாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சிலர் பேனரில் இருந்த என் முகத்தையும் கீழே நின்ற முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள்.

கலைச்செல்வி ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "கழட்டினா நாளைக்கு நீயும் நானும் அந்தப் பாயசக் கோஷ்டியும்தான் உக்காரணும். அவரு வந்து எட்டிப் பாப்பாரு. அதோட முடிஞ்சுது. இந்த டிபார்ட்மெண்ட்ல நான் வேலைக்குச் சேந்தப்போ எனக்குத் தலை நரைக்கல." பேனரை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு சொன்னாள். "இருக்கட்டும். வரவங்க வரட்டும். ஆனா மொத வேலையா மைக்கப் புடிச்சு உள்ளதச் சொல்லிடுவேன். போறவங்க போகட்டும்."

உண்மையைச் சொன்னால் எல்லோரும் போய்விடுவார்கள் என்றேன். தெரியும் என்றாள்.

நான்காம் நாள் காலை. ஹால் வாசலில் செருப்பு வைக்க இடம் இல்லை. ராத்திரி முழுக்க மலையைச் சுற்றி வந்தவர்கள், ஊருக்குப் பஸ் கிடைக்காமல் காத்திருந்தவர்கள், அக்கம்பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். நாற்காலி போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் எல்லாவற்றிலும் ஏற்கனவே துண்டு விழுந்திருந்தது. என் வாழ்க்கையில் நான் பேசப்போகிற மிகப் பெரிய சபை.

கலைச்செல்வி மேடை ஏறினாள். வணக்கம் கூடச் சுருக்கமாகத்தான் சொன்னாள். பேனரில் எழுத்துப் பிழை நடந்துவிட்டது, இங்கே யாரும் துண்டு கொடுக்கவில்லை, ஒரு பொருள் எப்படித் துண்டு துண்டாகிறது என்று கணக்கு வாத்தியார்கள் பேசப் போகிறோம், ஏமாந்து வந்தவர்கள் என்னை மன்னித்துவிடுங்கள், போவதாக இருந்தால் தாராளமாகப் போகலாம் என்றாள். குரல் கொஞ்சம் கூட நடுங்கவில்லை.

ஹாலில் ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது. நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மீசைக்காரர் எழுந்தார். "சோறாவது உண்டாம்மா? இல்ல அதுவும் பிழையா?"

சாம்பார் சாதம் உண்டு என்றாள்.

"ஃபேன் போட்டே இருக்குமா?"

போட்டே இருக்கும் என்றாள்.

"அப்ப பேசுங்கம்மா. வெளிய வெயிலு" என்று உட்கார்ந்துவிட்டார். ஒருவரும் எழுந்து போகவில்லை. கலைச்செல்வி என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

கரும்பலகையில் ஒரு குச்சி வரைந்தேன். இதை எங்காவது ஓரிடத்தில் உடைப்போம். இரண்டு துண்டு. ஒவ்வொன்றையும் மறுபடி உடைப்போம். ஒவ்வொரு முறை உடைக்கும்போதும் இரண்டு துண்டின் நீளத்தையும் கூட்டினால் பழைய நீளம் வரும். ஒன்றும் தொலையவில்லை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இப்போது கேள்வி, எந்தத் துண்டு முதலில் உடையும்? கருங்கல்லாக இருந்தால் பெரியதுதான் முதலில் உடையும். பெரிய கல்லில் விரிசலும் அதிகம். பொடிக் கல்லை உடைப்பது கஷ்டம். கல்லில் சின்னது தப்பித்துக்கொள்ளும். ஆனால் நேர்மாறாக ஒரு உலகத்தை நினைத்துப் பாருங்கள். சின்னதாக ஆக ஆக இன்னும் சீக்கிரம் உடைகிறது. அப்போது கணக்கில் ஒரு விபரீதம் நடக்கும். கண் எதிரே, கொஞ்ச நேரத்துக்குள், குச்சி தூசியாகிவிடும். மிஞ்சியிருக்கிற துண்டுகளை எல்லாம் கூட்டினால் பழைய நீளம் வராது. யாரும் திருடவில்லை, ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் பிரித்தோம். ஆனாலும் குறைகிறது.

மீசைக்காரர் மட்டும் "எங்க நெலமும் அப்டிதான் ஆச்சு" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்துகொண்டார். நான் கலைச்செல்வியைப் பார்த்தேன். பி.காமையோ பி.சி.ஏ.வையோ பிரிக்கலாமா என்று இந்தக் கல்லூரியில் யாரும் கேட்டதில்லை. சின்னதைத்தான் கேட்கிறார்கள். அவள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில் எதுவும் தெரியவில்லை.

சமன்பாட்டை எழுதிவிட்டுத் திரும்பியபோது ஹாலில் பாதிப் பேர் தூங்கியிருந்தார்கள். சும்மா கண்ணை மூடிய தூக்கம் இல்லை. நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, துண்டை விரித்துப் போட்டு, பையைத் தலைக்கு வைத்துக் கொண்ட தூக்கம். இரண்டாவது சமன்பாட்டில் முக்கால்வாசி. மீசைக்காரரின் குறட்டை மைக்கில் கேட்டது. சும்மா சொல்லக் கூடாது, ஹால் மட்டும் நிரம்பித்தான் இருந்தது.

அப்போதுதான் தாளாளர் வந்தார். வாசலில் நின்றார். கூட்டத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பார்த்தார். படுத்திருந்தவர்களைப் பார்த்தார், ஃபேன்களை அண்ணாந்து பார்த்தார், ஹாலின் பின்பக்கம் போய்க் கழிவறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. கலைச்செல்வியைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு, வாசலிலேயே நின்று பேசினார். என்னவோ பெரிதாகக் கையை விரித்துக் காட்டினார், மாடியைக் காட்டினார். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில் மெதுவாகத் தலையாட்டினாள். அவர் என்னைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அவள் மேடைக்கு வந்து மைக்கைக் கையால் மூடிக்கொண்டாள்.

"டிபார்ட்மெண்ட் இருக்கும்" என்றாள்.

எனக்குச் சந்தோஷத்தில் கத்தவேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் முகம் அப்படி இல்லை. என்ன சொன்னார் என்று கேட்டேன்.

லாட்ஜில் பௌர்ணமிக்கு இடம் போதவில்லையாம், பாதிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறதாம். இத்தனை பேர் சத்தமில்லாமல் படுத்திருப்பதைப் பார்த்ததும் அவருக்குப் பட்டிருக்கிறது. மற்றத் துறைகளில் லேப் இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது, மேஜை இருக்கிறது, ஆளைப் படுக்க வைக்க முடியாது. கணிதத் துறையில் தரையைத் தவிர ஒன்றும் இல்லை. மாடியில் நாலு ரூம், கீழே ஹால், ஃபேன், பாத்ரூம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பக்தர்களைத் தங்க வைத்துக்கொள்ளலாம், துறை ஆட்களே பார்த்துக்கொள்ளட்டும். பிரித்தால்தான் நஷ்டம். அவர் சொன்ன வார்த்தையையே அவள் சொன்னாள். "'மேத்ஸ் மாதிரி வராதும்மா. ஒரு சாமானும் கெடையாது, சுத்தமா காலி.'"

எனக்கு அழுகை வந்தது. கோபமும் கூடவே வந்தது. இதற்காகவா அத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டாய், இதற்கா தலையாட்டினாய் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல, முன்வரிசையில் ஒருவர் புரண்டு படுத்தார்.

"மெதுவாப்பா" என்றாள். புடவைத் தலைப்பால் கண்ணை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "மாசத்துல ஒரு நா வந்து படுத்துட்டுப் போறாங்க. மத்த நாளெல்லாம் கணக்கு சொல்லித் தரலாம் இல்ல? நீ ஏன் நிறுத்திட்ட? பேசு."

யாருக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அவள் இறங்கிப் போய், படுத்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டி, ஹாலின் நடுவில் காலியாகக் கிடந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். நான் மைக்கை எடுத்தேன். யாரும் விழித்துவிடாத அளவுக்குக் குரலைத் தணித்துக்கொண்டு, மிச்சத்தைப் பேசினேன்.